போபால் முதல் நம் சிப்காட் வரை: வாயுக்கசிவு பற்றிய உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கும்மிடிப்பூண்டியிலும் எல்லை தாண்டி தடாவிலும் ரசாயன ஆலைகளில் 31 வருஷம் ஷிப்ட் பார்த்தவன் நான். தொட்டி, குழாய், வால்வு பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆரம்பாக்கம் வாசகி: ஐயா, போபாலில் தொட்டி எதனால் வெடித்தது?

தொட்டி வெடிக்கவில்லை அம்மா. 1984 டிசம்பர் 2 இரவு, யூனியன் கார்பைடு ஆலையின் 610ஆம் தொட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது. உள்ளே சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட், பூச்சிமருந்து தயாரிக்கப் பயன்படும் நச்சுத் திரவம். 39 டிகிரியிலேயே கொதிக்கிற திரவம் அது. தண்ணீர் பட்டால் சூடாகும், சூடானால் வினை இன்னும் வேகம் பிடிக்கும், அப்படியே 200 டிகிரியைத் தாண்டிவிட்டது. அழுத்தம் ஏறியதும் பாதுகாப்பு வால்வு திறந்தது, உயரமான குழாய் வழியாக வாயு வெளியேறித் தூங்கிக்கொண்டிருந்த ஊருக்குள் இறங்கியது.

ஆனால் தண்ணீர் போனதோடு கதையை முடித்துவிடாதீர்கள். அந்தத் திரவத்தை 0 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டிய குளிரூட்டியை அந்த ஜூனிலேயே நிறுத்திவிட்டு, அதிலிருந்த பிரியானையும் (குளிர வைக்கும் வாயு) எடுத்துவிட்டார்கள். வாயுவைக் காஸ்டிக் சோடாவில் கழுவும் ஸ்க்ரப்பர் ஓடவில்லை, ஸ்டாண்ட்பையில் கிடந்தது. எரித்துவிட வேண்டிய ஃப்ளேருக்குப் போகும் குழாயில் ஒரு துண்டு அரித்துப்போனதென்று கழற்றியிருந்தார்கள். வாயுவை அமுக்கப் பீய்ச்சும் தண்ணீர்த் திரை வாயு வெளிவந்த உயரத்துக்கு எட்டவில்லை. ஆட்களையும் குறைத்திருந்தார்கள். இரவு 11 மணி வாக்கில் தொட்டியின் அழுத்தம் 2லிருந்து 10 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) ஆனதைப் பார்த்தும் யாரும் பதறவில்லை, ஏனென்றால் அது வழக்கமான அளவுக்குள்தான் இருந்தது. பார்க்க வேண்டியது முள் எங்கே நிற்கிறது என்பதை மட்டுமல்ல, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதையும். என்னிடம் வேலை பழகிய ஒவ்வொரு பையனுக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

சூலூர்பேட்டையிலிருந்து: வாயு வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது? ஏரிப் பக்கம் போகலாமா?

பழவேற்காடு ஏரி எந்தப் பக்கம் என்பது முக்கியமில்லை, காற்று எந்தப் பக்கம் என்பதுதான் முக்கியம். புகையைப் பாருங்கள், கொடியைப் பாருங்கள். காற்று போகிற திசையிலும் ஓடாதீர்கள், காற்றை எதிர்த்து ஆலையை நோக்கியும் ஓடாதீர்கள், குறுக்கே ஓடுங்கள். மூக்கிலும் வாயிலும் ஈரத்துணி. ஏற்கெனவே சூழ்ந்துவிட்டால் கதவு, ஜன்னலை அடைத்து, இடுக்கில் ஈரத்துணி வைத்து உள்ளேயே இருங்கள்.

புத்தூர் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன்: அண்ணா, குழாய் கழுவிய தண்ணீர்தான் 610க்குள் போனது என்கிறார்களே, அவ்வளவு தூரம், அத்தனை வால்வுகளைத் தாண்டிப் போகுமா? யாரோ ஒரு தொழிலாளி வேண்டுமென்றே தொட்டியில் தண்ணீர் ஹோஸ் மாட்டியிருக்கிறான் என்று கம்பெனியே சொன்னதே?

தம்பி, நல்ல கேள்வி, அதனால் நேரம் எடுத்தே சொல்கிறேன். அன்றிரவு 9.30 வாக்கில் குழாய்களைக் கழுவ ஆரம்பித்தார்கள். கழுவுவதற்கு முன் குழாய்கள் சேரும் ஃப்ளேஞ்சுக்கு நடுவில் பிளைண்ட், அதாவது வழியை அடைக்கும் தகடு, சொருக வேண்டும், சொருகவில்லை. நீ சொல்கிற தூரம் உண்மைதான். ஆனால் அந்த மே மாதம்தான் இரண்டு வென்ட் ஹெடர்களை, அதாவது தொட்டிகளின் வாயு வெளியேறும் பொதுக் குழாய்களை, ஒரு ஜம்பர் குழாய் போட்டு இணைத்திருந்தார்கள், அதனால் தண்ணீருக்கு வழி கிடைத்தது. இன்னொன்று, அக்டோபரிலிருந்தே 610இல் திரவத்துக்கு மேல் கொடுக்கும் நைட்ரஜன் அழுத்தம் நிற்கவில்லை. அழுத்தம் நிற்காத தொட்டி என்றால் ஏதோ ஒரு வால்வு ஒழுகுகிறது என்று உனக்கே தெரியும்.

அவரே மீண்டும்: ஆனால் மறுநாள் தொட்டியில் ஒரு பிரஷர் கேஜ் காணவில்லை என்கிறார்களே, அந்த இடத்தில்தான் ஹோஸ் மாட்டினான் என்று?

கம்பெனி தரப்பு வாதம் அதுதான். அதற்காக எந்தத் தொழிலாளி மீதும் வழக்கு நடக்கவில்லை, யாரையும் நிரூபித்துக் காட்டவுமில்லை. சரி, ஒரு பேச்சுக்கு ஹோஸ் என்றே வைத்துக்கொள். குளிரூட்டியை நிறுத்தியது யார்? ஃப்ளேர் குழாயைக் கழற்றிப் போட்டது யார்? ஹோஸ் மாட்டியவனா? அவ்வளவு பெரிய வினையை அந்த ஸ்க்ரப்பர் ஓடியிருந்தாலும் முழுசாக அடக்கியிருக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் திரவம் குளிர்ந்திருந்தால் வினை மெதுவாகத்தான் ஏறியிருக்கும், ஊரை எழுப்ப நேரம் கிடைத்திருக்கும்.

காளஹஸ்தி, ஊத்துக்கோட்டை, மறுபடி புத்தூர்: சதிதானே?

மேலே எழுதிவிட்டேன். படித்துவிட்டுக் கேளுங்கள்.

நகரியிலிருந்து ஒரு மாணவி: விசாகப்பட்டினத்திலும் இதே காரணமா அண்ணா?

ரசாயனம் வேறும்மா, அலட்சியம் ஒன்றுதான். 2020 மே 7 விடியற்காலை எல்ஜி பாலிமர்ஸில் கசிந்தது ஸ்டைரீன், 12 பேர் இறந்தார்கள். ஸ்டைரீன் சும்மா நின்றாலே தனக்குள் கோத்துக்கொண்டு பாலிமராக மாறப் பார்க்கும், மாறும்போது சூடு விடும். அதைத் தடுக்க ஒரு தடுப்பு ரசாயனம் கலக்க வேண்டும், குளிர்ச்சியாகவும் வைக்க வேண்டும், அடிக்கடி சுற்றிவிடவும் வேண்டும். ஊரடங்கில் ஆலை நின்றிருந்தது, தொட்டியை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. வெப்பமானி தொட்டியின் அடியில் இருந்தது, அடி குளிர்ந்திருக்க மேலே கொதித்துக்கொண்டிருந்தது. சங்கும் ஊதவில்லை. உற்பத்தி நின்ற ஆலையில் ஆபத்து இல்லை என்று நினைக்காதீர்கள், தொட்டி நிரம்பியிருக்கும் வரை ஆலை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நாயுடுபேட்டையிலிருந்து: போபால் நஷ்டஈடு போதுமா?

1989இல் 47 கோடி டாலருக்கு முடித்தார்கள். போதாது. சட்ட விவரத்தை வக்கீலிடம் கேளுங்கள்.

மறுபடியும் ஒருவர்: எந்தப் பக்கம் ஓட வேண்டும்?

காற்றுக்குக் குறுக்கே.

தடாவில் இரவு ஷிப்ட் பார்க்கும் தம்பி: அண்ணா, எங்கள் ஆலையில் கரண்ட் பில் குறைய ராத்திரியில் சில்லர் குளிரூட்டியை நிறுத்தச் சொல்கிறார்கள். நான் ஒப்பந்த ஆள், என்ன செய்வது?

முதலில் லாக் புத்தகத்தில் நேரம், வெப்பநிலை, நிறுத்தச் சொன்னவர் பெயர், மூன்றையும் எழுது. பென்சிலில் எழுதாதே. ஷிப்ட் மாற்றும்போது அடுத்தவனை அந்தப் பக்கத்தைப் படிக்கவைத்துக் கையெழுத்து வாங்கு. தனியாகப் போய்ச் சொல்லாதே, நிரந்தரத் தொழிலாளி இரண்டு பேரையாவது கூட்டிக்கொண்டு போ. கேட்கவில்லை என்றால் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுது.

நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் கண்ட்ரோல் ரூம் சுவரில் ஒரு பலகை இருந்தது, பிளைண்டுகள் ஆணியில் தொங்கும். தோசைத் திருப்பி மாதிரி கைப்பிடி, நுனியில் சிவப்புப் பெயின்ட்டில் எண். ஆணி காலியாக இருந்தால் அந்தத் தகடு குழாயில் இருக்கிறது என்று அர்த்தம். ஒருநாள் காலை, அமில லைனைக் கழுவ பர்மிட் போட்டுவிட்டார்கள், 7ஆம் எண் தகடு பலகையிலேயே தொங்கியது. ஓடிப்போய் ஹோஸ் வால்வை மூடினேன். வேலையைத் தாமதப்படுத்தினேன் என்று மெமோ கொடுத்தார்கள். அந்த மெமோவை இன்னும் வைத்திருக்கிறேன் தம்பி. உன் சில்லர் எந்தத் தொட்டிக்குப் போகிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுது, மீதியைப் பேசுவோம்.