கேளுங்க சொல்லுதேன்: பின் வீல் கம்பி ஏன் அத்துப்போவுது?

கேள்வி: அண்ணாச்சி, நான் முன்னீர்பள்ளத்துல இருந்து ஜங்ஷனுக்கு தினமும் சைக்கிள்லதான் வேலைக்குப் போறேன், போக வர கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் வரும். ஆளு 90 கிலோ, கேரியர்ல சாப்பாட்டுப் பை வேற. கொஞ்ச நாளைக்கு ஒருக்க பின் வீல்ல ஒரு போக்ஸ் கம்பி அத்துருது. தடிச்ச கம்பி போடுங்கன்னு ஒரு கடையில சொல்லுதாவ, கம்பியே இல்லாத மேக் வீல் வாங்கிருங்கன்னு இன்னொரு கடையில சொல்லுதாவ. எதைக் கேக்க?
(முன்னீர்பள்ளம் வாசகர்)

பதில்: ரெண்டையும் கேக்காதீங்க. கம்பி பாரம் தாங்காம அறுதுன்னுதான் எல்லாரும் நெனைக்காவ, அது அப்படியில்ல. நீங்க சீட்டுல உக்காந்ததும் தரைப்பக்கம் இருக்க நாலஞ்சு கம்பி மட்டும் கொஞ்சம் தளரும், வீல் உருண்டதும் திரும்ப இறுகும். 26 இஞ்ச் வீல் ஒரு சுத்துக்கு ரெண்டு மீட்டருக்குக் கொஞ்சம் கூட ஓடும், அப்ப உங்க 20 கிலோமீட்டருக்கு ஒவ்வொரு கம்பியும் ஒரு நாளைக்கு 10,000 தடவை கிட்ட தளந்து இறுகுது பாத்துக்கிடுங்க. விறைப்பா கட்டின வீல்ல இதால ஒரு கேடும் வராது. லூசா கெடந்தாத்தான் ஹப்புக்குள்ள (வீலு நடுவுல இருக்க குடம்) வளைஞ்சு நுழையுத அந்தக் கழுத்துல கம்பி அசைஞ்சு அசைஞ்சு சோந்துபோயி ஒரு நாள் டக்குன்னு போயிரும். உங்களுக்கு அறுததும் அந்த இடத்துலதான் இருக்கும், அதுவும் பெரும்பாலும் ப்ரீவீல் பக்கம், அதான் செயின் ஓடுத பல்சக்கரம் இருக்க வலது பக்கம்.

அறுத கம்பியை மட்டும் மாத்தி மாத்தி ஓட்டுததுல பிரயோஜனம் இல்ல, பக்கத்துல இருக்கதும் அதே அளவு அடி வாங்கினதுதான, வரிசையா போகும். மொத்தக் கம்பியும் புதுசு போட்டு வீலை ஒருக்க அவுத்துக் கட்டச் சொல்லுங்க. ரிம்முல நெளிவோ வெடிப்போ இல்லன்னா பழைய ரிம்மே போதும். புதுசுதான் வாங்கணும்னா 36 ஓட்டை, டபுள் வால் (ரெட்டைச் சுவர்) அலுமினியம் ரிம், ஸ்டெயின்லெஸ் கம்பி, பித்தளை நிப்பிள் (கம்பிய ரிம்மோட இறுக்குத திருகு), மூணு கிராஸ் பின்னல் (ஒவ்வொரு கம்பியும் அதே பக்கத்துல வேற மூணு கம்பியக் குறுக்க வெட்டிப் போகும்), இவ்வளவுதான் கேக்கணும். நம்ம தாத்தாமாரு ஓட்டுன கருப்பு சைக்கிள்ல முன்னாடி 32 கம்பி, பின்னாடி 40. பாரம் பின்னாடிதான் விழும்னு அதைச் செஞ்சவனுக்குத் தெரிஞ்சிருக்கு, இப்ப பாக்க லட்சணமா இருக்கட்டும்னு 24, 28ன்னு கொறைச்சி விக்காவ, அந்தச் சோலியே உங்களுக்கு வேண்டாம்.

தடிச்ச கம்பி விஷயம் கேட்டா சிரிப்பிய. சாதா 14 நம்பர் கம்பி 2 மில்லிமீட்டர். அதுலயே ரெண்டு முனையும் 2 மில்லிமீட்டரும் நடுவுல 1.8ம் இருக்க மாதிரி இழைச்ச கம்பி கிடைக்கும், சாதாக் கம்பிய விட அதுதான் நாள்பட நிக்கும், ஏன்னா நடுப்பகுதி லேசா நீண்டு கொடுத்து கழுத்துக்கு வர்ற அடியை வாங்கிக்கிடும். மேக் வீல் கனம், கோட்டம் விழுந்தா எடுக்க வழியில்ல, வெடிச்சா தூக்கித்தான் போடணும்.

இதுல ரிம்மை விட முக்கியம் கட்டுத ஆளு. காசு மிச்சம் பிடிக்கணும்னா ரிம்முல பிடிங்க, கட்டுகூலியில பேரம் பேசாதீங்க. கட்டி முடிச்சதும் கம்பிகள ரெண்டு ரெண்டா சேத்து கையால அழுத்திப் பிசையச் சொல்லுங்க, முறுக்கு விட்டு ஒக்காரும், அதுக்கப்புறம் மறுபடி கோட்டம் பாக்கணும். கையில வாங்குனதும் கம்பிய ஒவ்வொண்ணா சுண்டிப் பாருங்க. ஒரே பக்கத்துக் கம்பியெல்லாம் கிட்டத்தட்ட ஒரே சுதியில கேக்கணும். கியர் வண்டின்னா இடது பக்கம் கொஞ்சம் எறங்கித்தான் கேக்கும், பயப்படாதீங்க, கியருக்கு இடம் விட ரிம்மை வலது பக்கம் தள்ளிக் கட்டுததால அப்படி. ரெண்டு மூணு வாரம் ஓட்டிட்டு ஒருக்க திரும்பக் கொண்டு காட்டுங்க.

இன்னொண்ணு, உங்க பாதையில ஏத்தம்னு பாத்தா பாலம்தான், ஒத்தப் பல்லு வண்டியே, அதான் கியர் இல்லாத சைக்கிளே போதும்னு நான் சொல்லுவேன், ரெண்டு பக்கக் கம்பியும் சமமா இறுகுததால அந்த வீலு சும்மாவே உறுதி. ஆனி ஆடி மேக்காத்துல எதிர்த்து மிதிக்கும்போது என்னைத் திட்டக் கூடாது. கியர்தான் வேணும்னா ஹப்புல திருகுத ப்ரீவீல் வேண்டாம், கேசட் (ஹப்புல செருகுத பல்சக்கர அடுக்கு) வாங்குங்க. திருகு ஹப்புல வலது பக்க பேரிங் ரொம்ப உள்ள தள்ளி இருக்கதால 90 கிலோவுக்கு ஆக்ஸில் வளைஞ்சுரும்.

கேள்வி: குளத்தங்கரை வழியா காலேஜுக்குப் போறேன். சீமைக்கருவேல முள்ளு குத்தி வாரம் தவறாம பஞ்சர். ரிம்மை மாத்தினா சரியாகுமா அண்ணாச்சி?
(மேலப்பாளையம் வாசகி)

பதில்: ரிம்முக்கும் முள்ளுக்கும் சம்பந்தமே இல்ல தங்கச்சி. கொஞ்சம் அகலமான, நடுவுல தடிச்ச டயர் போடு, 1.75 இல்ல 1.95, உன் ப்ரேமுக்குள்ள இடிக்காமப் போவுதான்னு மட்டும் பாத்துக்கோ. டயருக்கும் ட்யூபுக்கும் நடுவுல வைக்குத பட்டை கிடைக்கும், அதையும் வை. பஞ்சர் ஒட்டுனதும் டயரோட உள்பக்கம் பைய விரலால தடவிப் பாக்கணும், ஒடிஞ்ச முள்ளு நுனி அங்கனயே நிக்கும், அதைப் பிடுங்காம ட்யூபை மாட்டுனா மறுநாளும் பஞ்சர்தான். காத்து டயர் பக்கவாட்டுல போட்டிருக்க அளவுக்கு இருக்கணும், கொறைஞ்சா குழியில ரிம்மு அடிவாங்கும்.

கேள்வி: டிஸ்க் பிரேக் வண்டின்னா ரிம்மு ரொம்ப நாள் வருமாமே?
(பேட்டை வாசகர்)

பதில்: வரும். கட்டை தேய்க்குத பிரேக்ல ஐப்பசி கார்த்திகை மழையோட மணலும் ஒட்டி ரிம்மு பக்கச் சுவரை அராவி எடுத்துரும், விரல் வச்சா குழிஞ்சிருக்கது தெரியும், அப்படி இருந்தா யோசிக்காம மாத்திருங்க, காத்து அழுத்தத்துல சுவர் பிச்சிக்கிடும். டிஸ்க்ல அந்தத் தேய்மானம் கிடையாது. ஆனா பிரேக் பிடிக்குத வேகமெல்லாம் ஹப்பு வழியா கம்பிக்குத்தான் வரும், அதனால முன் வீலும் கிராஸ் பின்னலாத்தான் இருக்கணும், நேர்க்கம்பி ஆகாது.

கேள்வி: கடக்கரையில வீடு. ஸ்டீல் ரிம்மு சீக்கிரம் துருப்பிடிச்சிருது.
(உவரி வாசகர்)

பதில்: உப்புக்காத்துக்கு அலுமினியம் ரிம், ஸ்டெயின்லெஸ் கம்பி, பித்தளை நிப்பிள்தான். அலுமினிய நிப்பிள் குடுத்தா வேண்டாம்னுருங்க, உப்புல பூத்து இறுகிப்போயி கோட்டம் எடுக்கையில ஒடியும். வாரத்துக்கு ஒருக்க நல்ல தண்ணி ஊத்திக் கழுவி, துடைச்சி, நிப்பிள் திருகுல ஒரு சொட்டு எண்ணெ விடுங்க. ரிம்மு ஓரத்துல எண்ணெ படாமப் பாத்துக்கிடுங்க, பிரேக் பிடிக்காது.