அம்மாவின் முகம் பார்த்து வளரும் பிள்ளை

கேள்வி: என் அக்காவுக்கு மனச்சிதைவு நோய் (இல்லாத குரல் கேட்பது, காரணமில்லாமல் பிறரைச் சந்தேகப்படுவது போன்றவை வரும் மனநோய்). மாத்திரை சாப்பிடுகிறாள். மாமா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அவர்களின் 7 வயது மகள், யார் சிரித்தாலும் தன்னைக் கேலி செய்வதாக நினைத்து அழுகிறாள். அக்காவுக்கு வந்தது இவளுக்கும் வருகிறதா? ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள்.
– ஒரு சித்தி, தங்கச்சிமடம்

பதில்: மனச்சிதைவு பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளிலோதான் தொடங்கும். 7 வயதில் வருவது மிக அரிது. தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒன்று. மற்ற ஒன்பது பேருக்கு வருவதில்லை என்பதையும் சேர்த்தே நினையுங்கள்.

எனக்குத் தோன்றுவது வேறு. இந்த நோயில் முகபாவம் குறைந்துபோகும்; சில மாத்திரைகளாலும் முகம் விறைப்பாகும். உள்ளே பாசம் இருந்தாலும் அக்காவின் முகத்தில் அது தெரியாது. 'அம்மாவுக்கு என்மேல் கோபமோ' என்று தினமும் உற்றுப் பார்த்தே வளர்ந்த பிள்ளை, வகுப்பிலும் எல்லார் முகத்திலும் கோபத்தையும் கேலியையும் தேடும். அவளைக் குற்றம் சொல்லவே முடியாது.

அதனால் முதலில் அவளிடம் உண்மையைச் சொல்லுங்கள்: "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அதனால்தான் சிரிப்பு வரமாட்டேங்குது. நீ எந்தத் தப்பும் பண்ணலை." ஒருமுறை சொன்னால் போதாது, அடிக்கடி சொல்ல வேண்டும்.

பிறர் மனதை ஊகிக்கப் பேசிப் பேசித்தான் பிள்ளைகள் கற்கிறார்கள். சட்டியிலிருந்த மீனைப் பூனை தின்றுவிட்டது, அப்பாவுக்குத் தெரியாது, வந்தவுடன் எங்கே தேடுவார் என்று கேட்டுப் பாருங்கள். 'சட்டியில்' என்று நான்கைந்து வயதுப் பிள்ளைகளே பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். இவள் தடுமாறினால் திட்டாமல், இப்படிக் கதைகளாகவே தினமும் பேசுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் மாமா கரையில்தானே இருப்பார். அந்த 61 நாளும் அவர் பேசட்டும்.

காது சரியாகக் கேட்கிறதா என்று ஒருமுறை சோதியுங்கள். சின்ன வயதிலிருந்தே கண் பார்த்துப் பேசாதவள், தனியாகவே விளையாடுகிறவள் என்றால் ஆட்டிசம் உண்டா என்றும் பார்க்க வேண்டும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். அதுவரை 14416 என்ற இலவச மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

ஏர்வாடிக்குப் போய் துவா செய்வதை நான் தடுக்கமாட்டேன். ஆனால் அதை நம்பி அக்காவின் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். முகம் ரொம்ப விறைப்பாக இருப்பதை அவருடைய மருத்துவரிடம் சொல்லுங்கள்; அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ வழியிருக்கிறது.