இறகுப்பந்து வீரரின் திறனை மதிப்பிடுவது எப்படி? பயிற்றுநரிடம் கேள்வி பதில்

கேள்வி (சாட்ஸ்வொர்த், ஒரு தாய்): ஐயா, என் மகள் பயிற்சியில் கிளியர் (பின்கோடு வரை உயர்த்தி அடிப்பது), ட்ராப் (வலையருகே மெதுவாக விழ அடிப்பது) எல்லாவற்றையும் பிழையின்றி அடிக்கிறாள், போட்டியில் தோற்றுவிடுகிறாள். குறை நுட்பத்திலா, உத்தியிலா?

பதில்: அம்மா, பயிற்சியில் இறகு எங்கே வரும் என்பது முன்பே தெரிந்துவிடுவதால், அங்கே வெளிப்படுவது நுட்பம் மட்டுமே. ஆட்டத்தில் அவள் இழக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும், தேர்ந்த அடி சரியா, அதை அடித்த விதம் சரியா என்று தனித்தனியே குறித்து வாருங்கள். பின்கோட்டருகே நிலை தடுமாறி நிற்கையில், உயரமான கிளியரால் நேரம் தேடிக்கொள்ளாமல் ஸ்மாஷுக்கு (கீழ்நோக்கிய வேக அடிக்கு) முயன்று வலையில் அடித்தால், பிழை முடிவில் இருக்கிறது. எதிராளி வலையருகே நிற்பதைக் கண்டு அடித்த கிளியர் பாதித் தூரத்திலேயே இறங்கினால், எண்ணம் சரி, அடிதான் போதவில்லை. இரண்டையும் ஒரே ‘தவறு’ என்று எழுதுவதுதான் மதிப்பீட்டை மிகவும் கெடுக்கிறது. ஏனெனில் முன்னதற்கு ஆட்டச் சூழலில் பயிற்சி வேண்டும், பின்னதற்குத் திரும்பத் திரும்ப அடித்துப் பழக வேண்டும். 11ஆம் புள்ளியில் வரும் 60 விநாடி இடைவேளைக்குப் பின் அவள் ஆட்டத்தை மாற்றுகிறாளா என்பதையும் கவனியுங்கள். உத்தியறிவு அங்கே தெளிவாகத் தெரியும்.

கேள்வி (ஃபீனிக்ஸ், பள்ளி ஆசிரியர்): குறுஞ்சர்வீஸை (வலையை ஒட்டித் தாழ்வாகப் போடும் சர்வீஸை) எப்படிச் சோதிப்பது?

பதில்: வலைக்குச் சற்று மேலே ஒரு கயிறு கட்டி, இறகு அதற்கும் வலைக்கும் இடையே சென்று, வலையிலிருந்து 1.98 மீட்டரில் உள்ள சர்வீஸ் கோட்டைத் தாண்டியதும் விழுகிறதா என்று பாருங்கள். அடிக்கும் கணத்தில் முழு இறகும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும்.

கேள்வி (டர்பன், ஒரு தந்தை): எட்டு வயது மகனுக்கு மதிப்பெண் தரலாமா?

பதில்: இப்போது வேண்டாம். மட்டைப் பிடியும் கால்நகர்வும் சீராகின்றனவா என்று பார்த்தால் போதும்.

கேள்வி (ஜோகன்னஸ்பர்க் அருகேயுள்ள லெனேசியா, இளம் வீரர்): இங்கே பின்கோடு வரை செல்லும் என் கிளியர், டர்பன் தேர்வில் குறைந்து விழுந்தது. எனக்கு வலிமை போதாது என்று எழுதிவிட்டார்கள்.

பதில்: தம்பி, அந்த முடிவை அப்படியே ஏற்காதீர்கள். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால், மெலிந்த காற்றில் இறகு விரைந்து செல்கிறது. கடலோர டர்பனில் அதே இறகு மெதுவாகிவிடும். எனவே தேர்வுக்கு முன் இறகையே சோதிக்க வேண்டும்: பின்கோட்டிலிருந்து கீழ்க்கை முழுவீச்சில், பக்கக்கோட்டுக்கு இணையாக மேல்நோக்கி அடித்தால், அது எதிர்ப்புறப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் முன்பாக விழ வேண்டும். அதற்கும் முன்னதாக விழுந்தால், வேகமான இறகை எடுத்துத் தேர்வை மீண்டும் நடத்தும்படி பணிவோடு கேளுங்கள்.