டெபியன் ரெப்போவிலிருந்து .டெப் கட்டுவது: ரெடிமேட் வாங்காதீர்கள், வெர்ஷன் எண்ணில் ஏமாறாதீர்கள்

கேள்வி: எங்கள் அச்சகத்தில் டெபியன் 12 (ஒரு லினக்ஸ்) ஓடுகிறது. ஸ்கேன் மென்பொருளில் இருந்த ஒரு பிழையை டெபியன்காரர்களே தங்கள் கிட் ரெப்போவில் (மூல நிரல் களஞ்சியத்தில்) திருத்திவிட்டார்கள். ஆனால் எங்களுக்கு வரும் அப்டேட்டில் அது இல்லை. ரெப்போவை இறக்கி பில்ட் செய்தால், ‘நீங்கள் மாஸ்டர் பிராஞ்சில் (கிளையில்) இல்லை, டெபியன்/லேட்டஸ்டில் இருக்கிறீர்கள்’ என்று நின்றுவிடுகிறது. தெரிந்தவர் ஒருவர் 3,000 ரூபாய் கொடுத்தால் ரெடிமேடாக .டெப் (இன்ஸ்டால் ஃபைல்) கட்டித் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். காசுக்காகச் சொல்லவில்லை. .டெப் ஃபைலை இன்ஸ்டால் செய்யும்போது அதற்குள் இருக்கும் போஸ்ட்இன்ஸ்ட் என்ற ஸ்கிரிப்ட் ரூட் (முழு நிர்வாகி) அதிகாரத்தோடு ஓடும். யார் கட்டினார், எதிலிருந்து கட்டினார் என்று தெரியாத பேக்கேஜுக்கு சூடோ பாஸ்வேர்டு அடிப்பது, கணினியையே அவர் கையில் கொடுப்பதற்குச் சமம்.

இன்னொன்று. இப்படிக் கட்டித் தருபவர்கள் பெரும்பாலும் தங்கள் கணினியில் இருக்கும் உபுண்டு 24.04-லேயே கட்டிவிடுவார்கள். அதன் சி லைப்ரரி (ஜிலிப்சி; பேக்கேஜ் பெயர் லிப்சி6) 2.39, உங்கள் டெபியன் 12-ல் இருப்பது 2.36. ‘லிப்சி6 2.38 அல்லது அதற்கு மேல் வேண்டும்’ என்று இன்ஸ்டால் மறுக்கும். உடனே ‘--ஃபோர்ஸ்-டிபெண்ட்ஸ் போடுங்கள்’ என்று வாட்ஸாப்பில் பதில் வரும். போட்டால் மென்பொருளும் ஓடாது, அடுத்து எதை இன்ஸ்டால் செய்யப் போனாலும் ஆப்ட் (டெபியனின் இன்ஸ்டால் கருவி) முரண்டு பிடிக்கும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? ‘டிபிகேஜி-டெப் -ஐ’ (பெரிய ஐ எழுத்து) அடித்து டிபெண்ட்ஸ் வரியை (அதற்கு வேறு எவை வேண்டும் என்ற பட்டியலை) பாருங்கள். ‘டிபிகேஜி-டெப் -இ’ அடித்து ஸ்கிரிப்டுகளைப் பிரித்துப் படியுங்கள்.

இனி உங்கள் எரர். அது பிழையே இல்லை, வெறும் காவல். ஜிபிபி (கிட்-பில்ட்பேக்கேஜ்) என்ற கருவி, வேறு சொல்லாவிட்டால், மாஸ்டர் என்ற பிராஞ்சில்தான் டெபியன் வேலை நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒரு பராமரிப்பாளர் டெபியன்/லேட்டஸ்ட் என்று வைக்கிறார், இன்னொருவர் டெபியன்/சிட், மற்றொருவர் டெபியன்/மாஸ்டர். டெப்-14 என்று ஒரு பெயர் வழக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். பின்பற்றுவது அவரவர் இஷ்டம். ரெப்போவுக்குள் டெபியன்/ஜிபிபி.கான்ஃப் என்ற ஃபைலில் இரண்டு வரி எழுதினால் உங்களுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது. அதைக்கூட எழுதாத ரெப்போக்களை இன்னும் பார்க்க முடிகிறது.

‘--கிட்-இக்னோர்-பிராஞ்ச்’ போட்டால் எரர் போய்விடும். ஆனால் அப்படியே பில்ட் செய்யாதீர்கள். டெபியன்/லேட்டஸ்டில் இருப்பது அடுத்த டெபியனுக்கான முழுப் பேக்கேஜ். உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு திருத்தம். முழுதாக எடுத்தால் அது புதிய லைப்ரரிகளைக் கேட்கும். அதற்காக யாராவது சிட் (இன்னும் வெளியிடப்படாத, மாறிக்கொண்டே இருக்கும் டெபியன்) ரெப்போவை சோர்ஸஸ் லிஸ்டில் (ஆப்ட் பேக்கேஜ் எடுக்கும் இடங்களின் பட்டியலில்) சேர்க்கச் சொல்வார்கள். சேர்த்தால் அது முதலில் லிப்சி6-ஐ மாற்றும். பிறகு உங்களிடம் இருப்பது டெபியன் 12-ம் இல்லை, சிட்டும் இல்லை. (புக்வர்ம்-பேக்போர்ட்ஸ் என்பது புதிய பேக்கேஜ்களை டெபியன் 12-க்காகக் கட்டி வைக்கும் இடம். ஒருமுறை அதில் தேடிப் பாருங்கள். அங்கே திருத்திய பேக்கேஜ் இருந்தால் கீழே சொல்வது எதுவும் தேவையில்லை.)

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்; டெர்மினலில் ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் தட்டுங்கள். உதாரணத்துக்கு உங்களிடம் இருப்பது 3.2.1-1, திருத்தம் வந்தது 3.2.1-2 என்று வைத்துக்கொள்வோம்.

கிட்-பில்ட்பேக்கேஜ், டெவ்ஸ்கிரிப்ட்ஸ், பில்ட்-எசென்ஷியல் மூன்றையும் ஆப்ட் வழியாகப் போடுங்கள். ரெப்போவை ‘கிட் குளோன்’ அடித்து இறக்காமல் ‘ஜிபிபி குளோன் --ஆல்’ அடியுங்கள். வெறும் கிட் ஒரு பிராஞ்சைத்தான் உங்கள் பக்கம் உருவாக்கும்; இதுவோ அப்ஸ்ட்ரீம் (மூல மென்பொருள்), பிரிஸ்டின்-டார் (அதன் அசல் டார் ஃபைலுக்கான தகவல்) உட்பட எல்லாப் பிராஞ்சுகளையும் அமைக்கும். இறக்கும் நேரத்தை மிச்சம் பிடிக்க ‘--டெப்த் 1’ போடாதீர்கள். டேகுகள் (வெர்ஷன் அடையாளங்கள்) வராது, பிறகு ‘அப்ஸ்ட்ரீம்/3.2.1 செல்லாது’ என்று நிற்கும்.

அடுத்து, உங்களிடம் உள்ள வெர்ஷனின் டேகிலிருந்து ஒரு பிராஞ்ச் எடுங்கள்: ‘கிட் செக்அவுட் -பி ஆபீஸ் டெபியன்/3.2.1-1’. திருத்த ஃபைலை மட்டும் புதிய பிராஞ்சிலிருந்து கொண்டுவாருங்கள்: ‘கிட் செக்அவுட் டெபியன்/லேட்டஸ்ட் -- டெபியன்/பேட்சஸ்/ஃபைல்பெயர்’. டெபியன்/பேட்சஸ்/சீரிஸ் ஃபைலின் கடைசி வரியாக அந்தப் பெயரைச் சேருங்கள். இதை மறந்தால் பில்ட் அழகாக முடியும், பிழை அப்படியே இருக்கும். பேட்சஸ் ஃபோல்டரில் திருத்தமே இல்லையென்றால் அது மூல மென்பொருளின் புதிய வெளியீட்டோடு வந்திருக்கிறது. அந்த மென்பொருளை எழுதியவர்களுடைய ரெப்போவில் அந்த கமிட்டை (மாற்றப் பதிவை) தேடி, பேட்ச் ஃபைலாக எடுத்து இதே இடத்தில் வையுங்கள்.

இப்போது வெர்ஷன் எண். இதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். ‘டிசிஎச் --லோக்கல் ஆபீஸ்’ என்று அடித்தால் சேஞ்ச்லாகில் (மாற்றக் குறிப்பு ஃபைலில்) 3.2.1-1ஆபீஸ்1 என்று வரும். நடுவில் கூட்டல் குறி போடாதீர்கள். டெபியன் 12-க்கு நாளை பாதுகாப்புத் திருத்தம் வந்தால் அதன் எண் 3.2.1-1+டெப்12யு1 என்று இருக்கும். டிபிகேஜி (.டெப் ஃபைல்களைக் கையாளும் அடிப்படைக் கருவி) ஒப்பிடும்போது ஆங்கில எழுத்துகளைக் குறிகளுக்கு முன்னால் வைக்கும். அதனால் ‘ஆபீஸ்1’ என்று முடிவது இப்போதைய 3.2.1-1-ஐ விடப் பெரியது, வரப்போகும் ‘+டெப்12யு1’-ஐ விடச் சிறியது. பாதுகாப்புத் திருத்தம் தானாக வந்து இறங்கும். நீங்களே ‘+ஆபீஸ்1’ என்று போட்டால் இரண்டிலும் கூட்டல் இருக்கும், அடுத்த எழுத்தில் ஓ (ஆபீஸ்) டி-யை விடப் பெரியது. திருத்தம் வராமலே போகும். 3.2.1-2-ஐ முழுதாகக் கட்டிப் போட்டாலும் இதே கதிதான். சந்தேகமிருந்தால் ‘டிபிகேஜி --கம்பேர்-வெர்ஷன்ஸ்’ அடித்து இரண்டு எண்களுக்கு நடுவில் ‘எல்டி’ போட்டு, பின்னால் ‘&& எக்கோ சரி’ சேருங்கள். சரி என்று அச்சானால் முதல் எண் சிறியது.

செக்இன்ஸ்டால் என்று ஒரு கருவியைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். ஃபோல்டர் பெயரில் எண் இல்லாவிட்டால் அது அன்றைய தேதியையே வெர்ஷனாக வைக்கும். 20250110 என்ற எண்ணை எந்த நியாயமான வெளியீடும் முந்தாது. அந்தப் பேக்கேஜ் ஆயுளுக்கும் அப்டேட் ஆகாது. ‘சூடோ மேக் இன்ஸ்டால்’ அதைவிட மோசம்: டிபிகேஜிக்குக் கணக்கே இருக்காது.

மாற்றங்களை ‘கிட் ஆட்’, ‘கிட் கமிட்’ செய்துவிடுங்கள். பில்டுக்கு வேண்டிய லைப்ரரிகளை ரெப்போ ஃபோல்டருக்குள் நின்று ‘சூடோ ஆப்ட் பில்ட்-டெப் ./’ என்று போடுங்கள். எம்கே-பில்ட்-டெப்ஸ் பயன்படுத்தினால் அது .பில்ட்இன்ஃபோ, .சேஞ்சஸ் ஃபைல்களை அங்கேயே விட்டுப் போகும். ஜிபிபி உடனே ‘கமிட் ஆகாத மாற்றங்கள்’ என்று கத்தும். அதற்கு ‘--கிட்-இக்னோர்-நியூ’ போடாமல் அந்த ஃபைல்களை அழியுங்கள்.

பிறகு: ‘ஜிபிபி பில்ட்பேக்கேஜ் --கிட்-டெபியன்-பிராஞ்ச்=ஆபீஸ் -யுஎஸ் -யுசி -பி’. யுஎஸ், யுசி இரண்டும் கையொப்பம் வேண்டாம் என்பதற்கு, கடைசி பி (பைனரி), .டெப் மட்டும் போதும் என்பதற்கு. நடுவில் ‘ஹங்க் ஃபெயில்ட்’ என்று வந்தால், அந்தத் திருத்தம் இன்னும் சில மாற்றங்களை நம்பி நிற்கிறது என்று பொருள். அங்கே நிறுத்தி, டெபியன் பிழைப் பட்டியலில் அந்தப் பிழையின் எண்ணைச் சொல்லி, டெபியன் 12-க்கும் திருத்தம் வேண்டும் என்று எழுதுங்கள். வரத் தாமதமாகும். ஆனாலும் கேட்காமல் வராது.

பில்ட் முடிந்தால் .டெப் ஃபைல்கள் ரெப்போவுக்குள் இருக்காது, ஒரு ஃபோல்டர் மேலே இருக்கும். டிபிஜிசிம் என்று முடிபவை (பிழை தேடுவதற்கான தகவல்) உங்களுக்கு வேண்டாம். ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ./பெயர்.டெப்’ என்று முன்னால் புள்ளி, சாய்கோட்டோடு அடியுங்கள். இல்லாவிட்டால் ஆப்ட் அதைத் தன் பேக்கேஜ் பட்டியலில் தேடிவிட்டு ‘இல்லை’ என்று சொல்லும். ‘ஆப்ட்-மார்க் ஹோல்ட்’ (அப்டேட்டை நிறுத்தும் கட்டளை) மட்டும் போட்டுவிடாதீர்கள். பாதுகாப்புத் திருத்தம் வந்து உங்கள் பேக்கேஜை மாற்றி, பழைய ஸ்கேன் பிழை திரும்பினால், புது டேகிலிருந்து இதே வேலையை இன்னொரு முறை செய்தால் போதும்.