ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்கள் எந்நேரமும் எழுதிக்கொண்டே இருப்பது ஏன்?

"அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர்கள் நோயாளியைப் பார்ப்பதைவிட எழுதுவதில்தான் அதிக நேரம் செலவிடுகிறார்கள், ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் 24 மணி நேரப் பிரசவ வசதியுள்ள ஒரு நிலையத்தில் ஒன்பது ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் என்ற முறையில், அந்தக் குற்றச்சாட்டை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

இத்தகைய நிலையத்துக்கு மூன்று செவிலியர்கள் என்பது கணக்கு. காலை, மாலை, இரவு என வாரத்துக்கு 21 பணிமுறைகள், ஆளுக்கு ஏழு. வார விடுப்புக்கு இடமே இல்லை என்பது கூட்டிப் பார்த்தால் விளங்கும். 2021 முதல் அரசு ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு 12 மாதங்கள். அது முழுக்க நியாயமானது. ஆனால் எங்களில் ஒருவர் அந்த விடுப்பில் சென்றபோது மாற்று ஆள் வரவில்லை. மீதி இருவரும் பன்னிரண்டு மணி நேரம் வீதம் பார்த்தோம்.

எழுதுவதெல்லாம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். மகப்பேறு நிதியுதவித் தவணைகள், கர்ப்பிணிகளுக்கான அரசு இணையப் பதிவான 'பிக்மி'யைப் பொறுத்தே வருகின்றன. அதில் பிழை நேர்ந்தால் அலைபவர் அந்தத் தாய்தான். தடுப்பூசிக் குளிர்பெட்டியின் வெப்பநிலை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று தினமும் இருமுறை குறிப்பதற்கும் காரணம் உண்டு. இவற்றோடு பிரசவப் பதிவேடு, மருந்து இருப்புப் பதிவேடு, மேல்சிகிச்சைக்கு அனுப்பியவர்களின் பதிவேடு என ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமானது. எல்லாம் ஒரே ஆளின் இரவில் வந்து சேர்வதுதான் சிக்கல்.

பார்ட்டோகிராஃப் என்ற பிரசவ வரைபடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வலி தீவிரமான கட்டத்தில், அரை மணிக்கு ஒருமுறை குழந்தையின் இதயத்துடிப்பையும் தாயின் நாடியையும், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்த அழுத்தத்தையும் கருப்பை வாயின் விரிவையும் பார்த்து அதில் குறிக்க வேண்டும். விரிவைக் காட்டும் கோடு எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டினால், அதாவது பிரசவம் எதிர்பார்த்ததைவிட மெதுவாக நகர்ந்தால், தாமதிக்காமல் அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சை வசதியுள்ள சீமாங்க் மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்க வேண்டும். உயிர் காக்கும் தாள் அது. ஓர் இரவில் இரண்டு பெண்கள் வலியில் இருந்தார்கள். அப்போதுதான் பிரசவித்திருந்த இன்னொருவருக்குக் கால் மணிக்கு ஒருமுறை இரத்தப்போக்கைக் கவனிக்க வேண்டியிருந்தது. அன்று நான் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. காலை ஏழு மணிக்கு, கிடைத்த சீட்டுக் குறிப்புகளையும் நினைவையும் வைத்து இரண்டு வரைபடங்களையும் நிரப்பினேன். தாயும் சேயும் நலமாக இருந்தது என் நல்லூழ். பின்னர் ஆய்வுக்கு வந்த அதிகாரி அவற்றின் நேர்த்தியைப் பாராட்டினார்.

கட்டத்தை வெற்றாக விட்டு, "ஆள் இல்லை, பார்க்கவில்லை" என்று எழுதியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கட்டம் வெற்றாக இருந்தால் விளக்கக் கடிதம் கேட்பார்கள். பொய்யாக நிரம்பியிருந்தால் எவரும் கேட்பதில்லை. 2015இல் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, பணி நிரந்தரம் கோரி 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்ககம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்ட செவிலியர்களின் நிலையில் இருப்பவருக்கு அந்த வாக்கியத்தை எழுதும் துணிவு எங்கிருந்து வரும்?

இடையில் மூன்று மாதங்கள் மட்டும் எங்களுக்கு மாற்றுப் பணியில் நான்காவது செவிலியர் ஒருவர் கிடைத்தார். அந்த மாதங்களின் வரைபடங்களில் அடித்தலும் திருத்தலும் மைக்கறையும் அதிகம். அவை பிரசவ அறையிலேயே, அந்தந்த நேரத்தில் எழுதப்பட்டவை.