பெர்க்லிக்கு மறுபடியும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். சன்னிவேலில் இருக்கிறோம். உங்கள் கட்டுரைகளை விடாமல் வாசிப்பவள், எழுதுவது இதுதான் முதல்முறை. மகன் குப்பர்டினோவில் டி ஆன்சா என்ற கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடக் கல்லூரி) இரண்டு வருடம் படித்துவிட்டு, மெக்கானிக்கல் எஞ்சினியரிங்கிற்கு பெர்க்லி, யூ.சி.எல்.ஏ., சான் டியேகோ என்று மூன்று யூ.சி. (கலிஃபோர்னியா பல்கலைக்கழக) வளாகங்களுக்கும், மூன்றாம் வருடத்தில் சேர டிரான்ஸ்ஃபர் விண்ணப்பம் போட்டான். ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) நாலுக்கு 3.8. இயற்பியலில் கடைசிப் பாடத்தை மட்டும் கோடையில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான். மூன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டன. சான் ஹோசே ஸ்டேட்டில் இடம் கிடைத்திருக்கிறது. சாப்பிட மட்டும்தான் அறையைவிட்டு வருகிறான். சான் ஹோசேயில் ஒரு வருடம் படிக்கட்டும், அப்புறம் பெர்க்லிக்கு மறுபடி போடலாம் என்கிறார் கணவர். ஏற்கெனவே நிராகரித்த பையன் என்று குறித்து வைத்திருப்பார்களா? பேராசிரியர் ஒருவர் சிபாரிசுக் கடிதம் தருவதாகச் சொல்கிறார். அப்பீல் செய்யலாமா? விண்ணப்பக் கேள்விக்கு அவன் எழுதிய பதில் ஒன்றை இணைத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் உங்கள் பயம். போன வருடம் மறுத்தார்கள் என்பதற்காக இந்த வருடம் யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார்கள். யூ.சி. விண்ணப்பம் ஒவ்வொரு வருடமும் புதிதாகத்தான் வாசிக்கப்படுகிறது. ஆனால் அதே பாடங்களையும் அதே பதில்களையும் கொஞ்சம் மெருகேற்றி அனுப்பினால் அதே முடிவு வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஒரு வரிதான் எனக்குக் கண்ணில் பட்டது: இயற்பியலின் கடைசிப் பாடம், கோடையில். கணக்குச் சொல்லிக்கொடுத்த காலத்தில் இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருக்கிறேன். பிள்ளைகள் ஜி.பி.ஏ.வைக் காப்பாற்றக் கடினமான பாடத்தைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். இலையுதிர் பருவத்தில் சேர வேண்டும் என்றால், பொறியியல் துறைகள் கேட்கும் முன்தேவைப் பாடங்கள் அதற்கு முந்தைய வசந்த பருவத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். கோடையில் முடிப்பது கணக்கில் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 3.8 நல்ல எண்தான். ஆனால் இவ்வளவு போட்டி உள்ள துறையில், எல்லாப் பாடமும் முடித்த 3.7 முன்னால் நிற்கும். கல்லூரிப் பாடங்களை ஒப்பிட்டுக் காட்டும் அசிஸ்ட் (assist.org) இணையதளத்தில் டி ஆன்சாவையும் பெர்க்லியையும் தேர்ந்தெடுத்தால் எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று பட்டியல் வரும். அவனை உட்காரவைத்து அதில் ஒவ்வொரு வரியாக டிக் அடிக்கச் சொல்லுங்கள். இயற்பியல் மட்டும்தான் விடுபட்டதா, டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ் போல வேறு எதுவும் உண்டா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது உங்கள் கணவரின் யோசனை. அவர் கோபித்துக்கொண்டாலும் சரி, இருக்கும் வழிகளில் மோசமானது அதுதான். கலிஃபோர்னியாவின் 1960ஆம் ஆண்டு உயர்கல்வித் திட்டத்திலிருந்தே கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கென்று யூ.சி.யில் ஒரு பாதை உண்டு. டிரான்ஸ்ஃபரில் சேர்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குமேல் அங்கிருந்து வருபவர்கள்தான். அந்த முன்னுரிமை கிடைக்க, கடைசியாகப் படித்த கல்லூரி கம்யூனிட்டி காலேஜாக இருக்க வேண்டும். சான் ஹோசே ஸ்டேட்டில் போய்ச் சேர்ந்துவிட்டால் வரிசையில் அவன் இடம் பின்னுக்குப் போய்விடும். அதோடு, எப்படியும் விட்டுப் போகப்போகிற இடம்தானே என்று நினைப்பவன் அங்கே ஒரு பேராசிரியரிடமாவது ஒழுங்காகப் பழகுவானா? ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

ஆகவே ஒன்று, சான் ஹோசேக்கு முழு மனதோடு போகட்டும். பெர்க்லியை மறந்துவிடட்டும். இல்லை, டி ஆன்சாவிலேயே இன்னொரு வருடம் இருக்கட்டும். பாட அளவில் ஒரு யூனிட்டுக்கு 31 டாலர், பணத்தைப் பற்றிய கவலை பெரிதில்லை. ஆனால் சான் ஹோசே ஸ்டேட் சேர்ந்த கால் ஸ்டேட் பல்கலைக்கழக அமைப்பு பொதுவாக இந்த வருடம் தந்த இடத்தை அடுத்த வருடத்துக்கு எடுத்துவைக்காது. அங்கும் புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

என்னைக் கேட்டால் சான் ஹோசே என்பேன். மெக்கானிக்கல் படிக்க அது ஒன்றும் குறைந்த இடமில்லை. வேலை தரும் நிறுவனங்கள் பாதி அதைச் சுற்றியே இருக்கின்றன. நம் வீடுகளில்தான் பெர்க்லி என்ற பெயருக்கு இத்தனை கனம்.

டி ஆன்சாவில் இருப்பது என்று முடிவானால், இந்த முறை மூன்று பெரிய பெயர்களோடு நிறுத்தக்கூடாது. டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆறும் டாக் என்ற உத்தரவாதத் திட்டத்தில் இருக்கின்றன. சொன்ன பாடங்களையும் ஜி.பி.ஏ.வையும் காட்டினால் இடம் உறுதி. பெர்க்லி, யூ.சி.எல்.ஏ., சான் டியேகோ அதில் இல்லை. எல்லாத் துறைக்கும் இது கிடையாது, பொறியியலில் வளாகத்துக்கு வளாகம் விதி மாறும், ஒரு வளாகத்துக்குத்தான் போடமுடியும். அதற்கான மாதம் செப்டம்பர். பொது விண்ணப்பம் நவம்பர் கடைசி வரை. ஜனவரியில் புதிய மதிப்பெண்களை அப்டேட் செய்யச் சொல்லி மின்னஞ்சல் வரும், அதைத் திறக்காமல் விட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

சிபாரிசுக் கடிதத்தை வாங்கி வையுங்கள், உதவித்தொகைக்கு ஆகும். யூ.சி. விண்ணப்பத்தில் அதைச் செருக இடமே கிடையாது. அப்பீல், அவர்களுக்குத் தெரியாத புதிய செய்தி ஏதாவது இருந்தால் மட்டும். வருத்தம் புதிய செய்தி ஆகாது.

இனி அந்தப் பதில். டிரான்ஸ்ஃபர் மாணவர்கள் எல்லாரும் எழுதியே ஆக வேண்டிய கேள்வி அது: எடுக்கப்போகும் துறைக்கு எப்படித் தயாராகியிருக்கிறீர்கள்? 350 வார்த்தைதான் அனுமதி. உங்கள் மகன் பாதிக்குமேல் ஏழு வயதில் மிக்ஸியைக் கழற்றிய கதைக்குக் கொடுத்துவிட்டான். அந்த மிக்ஸியை எல்லாப் பிள்ளைகளும் கழற்றியிருக்கிறார்கள். ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறான் பாருங்கள்: லேத்தில் கடைந்த ஷாஃப்டின் விட்டம் ஆயிரத்தில் மூன்று பங்கு இன்ச் குறைந்துபோனதால் அதை ஒதுக்கிவிட்டுப் புதுத்துண்டு மாட்டினேன் என்று. ஏன் குறைந்தது, எங்கே அளந்தான், இரண்டாம் முறை என்ன மாற்றினான்? பதில் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அதை அவனே எழுதட்டும், நீங்கள் திருத்த வேண்டாம். நானும் திருத்தித் தரமாட்டேன், கேட்டுவிடாதீர்கள்.

பாதியில் விட்ட பாடம் இருந்தால் அதையும் மறைக்காமல் காட்ட வேண்டும். விண்ணப்பத்தையும் டிரான்ஸ்கிரிப்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

எந்தப் பக்கம் என்பதை இந்த வாரமே அவனிடம் கேளுங்கள், நீங்கள் இருவரும் முடிவெடுத்துவிட்டு அல்ல. டி ஆன்சா என்றான் என்றால், கவுன்சிலரிடம் உடனே நேரம் வாங்கச் சொல்லுங்கள். செப்டம்பரில் போனால் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா