மலையடிவாரத்தில் ஒரு நாள் நடை: பாதையை எப்படித் தேர்வு செய்வது?

கேள்வி: நாங்கள் நான்கு பேர். தினமும் நடக்கிறவர்கள்தான், ஆனால் மலைப்பாதை பழக்கமில்லை. அடிவாரக் குன்றுகளில் ஒரு நாள் நடைக்குப் பாதை தேடுகிறோம். ‘போக வர 12 கிலோமீட்டர், காட்சிமுனை 350 மீட்டர் உயரத்தில்’ என்று ஒன்றைச் சொல்கிறார்கள். எங்களுக்குச் சரிப்படுமா? நல்ல காட்சி கிடைக்குமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். 350 மீட்டர் என்பது புறப்படும் இடத்துக்கும் காட்சிமுனைக்கும் உள்ள உயர வித்தியாசம். கால்கள் ஏறப்போவது அதைவிட அதிகம். அடிவாரக் குன்றுகளில் பாதை ஏறும், ஓடைக்கு இறங்கும், மறுபடி ஏறும். நடுவில் 80 மீட்டர் ஆழமுள்ள இரண்டு பள்ளங்கள் இருந்தால், போகும்போதே 350-உடன் 160 சேர்ந்து 510 மீட்டர் ஏற்றம். திரும்பும்போது அதே பள்ளங்களிலிருந்து இன்னொரு 160. ஆக மொத்தம் 670. கால் ஓய்ந்த பிறகு வரும் அந்தக் கடைசி 160-தான் ஆளைப் படுத்திவிடும்.

ஆகவே முதலில் சமஉயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) உள்ள வரைபடத்தைக் கையில் எடுங்கள். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சாய்வு குறைவு. கோடுகளின் கூர்முனை உயரமான பக்கம் பார்த்து நீண்டிருந்தால் அது ஓடைப் பள்ளம். தாழ்வான பக்கம் பார்த்து நீண்டிருந்தால் முகடு. பாதையின்மேல் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே, மேல்நோக்கிக் கடக்கும் கோடுகளை மட்டும் எண்ணுங்கள். எண்ணிக்கையைக் கோட்டு இடைவெளியால் (அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு இடையிலான உயர வித்தியாசத்தால்) பெருக்கினால் மொத்த ஏற்றம் வந்துவிடும். இதிலும் ஓர் ஓட்டை உண்டு. 20 மீட்டர் இடைவெளி உள்ள வரைபடத்தில் 15 மீட்டர் மேடு ஒரு கோட்டைக்கூடத் தொடாமல் ஒளிந்துகொள்ளலாம். அப்படிப் பத்து மேடு இருந்தால் 150 மீட்டர் கணக்கில் வராமலே போகும்.

நேரத்துக்கு, ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் கைகொடுக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். உங்கள் பாதைக்கு ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் வரும். ஆனால் அது நல்ல பழக்கமுள்ளவர் நிற்காமல் நடக்கும் வேகம். பழக்கமில்லாதவர்கள் அதை ஒன்றரையால் பெருக்கி, ஓய்வுக்கு ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்வது நல்லது. ஆறேகால் மணி நேரம் ஆகிவிடும். காலை 7 மணிக்குக் கிளம்பினால் 11-க்குள் காட்சிமுனையில் இருக்கலாம். மாலை 6 மணிக்கு இருட்டும் என்றால் 4-க்குள் கீழே வந்துவிட வேண்டும். திரும்ப இரண்டரை மணி நேரம் பிடிக்கும். அதனால் பிற்பகல் 1.30 ஆகிவிட்டால், முனைக்கு இன்னும் நூறு மீட்டர்தான் பாக்கி என்றாலும் திரும்பிவிடுங்கள். இதைக் கிளம்பும் முன்பே நான்கு பேரும் பேசி ஒத்துக்கொள்ளுங்கள். மேலே போன பிறகு பேசினால் ஆசைதான் ஜெயிக்கும்.

இனி காட்சி. உயரமான இடமெல்லாம் நல்ல காட்சி தரும் என்று நினைக்க வேண்டாம். முன்னால் எது மறைக்கிறது என்று பாருங்கள். பெருமலைக்கு ஒட்டியே நிற்கும் குன்றில் ஏறினால், எதிரே உள்ள சரிவே சிகரங்களை மறைத்துவிடும். ஒரு வரிசை தள்ளி, முன்னால் தாழ்ந்த நிலம் உள்ள முகட்டிலிருந்து பார்த்தால் அடிவாரம் முதல் உச்சி வரை முழுசாகத் தெரியும். வரைபடத்தில் காட்சிமுனையிலிருந்து சிகரத்துக்கு ஒரு நேர்கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் முதல் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் உங்கள் முனையைவிட உயரமான நிலம் குறுக்கிட்டால், அந்தச் சிகரம் தெரிவது சந்தேகமே. உச்சியில் மரம் அடர்ந்திருந்தாலும் ஒன்றும் தெரியாது; செயற்கைக்கோள் படத்தில் மொட்டைப் பாறை தெரிகிறதா என்று பாருங்கள்.

வெளிச்சமும் முக்கியம். பெருமலை மேற்கே இருந்தால் காலை வெயில் அதன் முகத்தில் விழும். மடிப்புகள்கூடத் துலக்கமாகத் தெரியும். கிழக்கே இருந்தால் காலையில் வெறும் கருநிழல்தான். அதற்காக மாலைவரை காத்திருப்பதும் சரியில்லை. வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, காற்று மேலெழுந்து, பிற்பகலில் மேகம் உச்சியை மூடிவிடுவது வழக்கம். அப்படிப்பட்ட இடத்தில் 11 மணி வாக்கில், சூரியன் சற்று மேலேறிய பிறகு போய்ச் சேருவதே நல்ல சமரசம்.

சுற்றிவரும் பாதை கிடைத்தால் செங்குத்தான பக்கம் ஏறி, சாய்வான பக்கம் இறங்குங்கள். சரளைக்கல் சரிவில் ஏறும்போது மூச்சுத்தான் வாங்கும். இறங்கும்போது கால் வழுக்கும். முகட்டுப் பாதையில் நிழலும் இருக்காது, தண்ணீரும் இருக்காது. மணிக்கு அரை லிட்டர் வீதம் ஆளுக்கு 3 லிட்டராவது சுமந்து போங்கள். வெயில் கடுமை என்றால் இன்னும் கூடுதலாக. இடி கேட்டால் உடனே முகட்டைவிட்டு இறங்குங்கள். ஓடை கலங்கி, சருகும் குச்சியும் அடித்துக்கொண்டு வந்தால் மேலே மழை பெய்திருக்கிறது என்று அர்த்தம்; கடக்காதீர்கள்.

தினமும் நடக்கும் நான்கு பேருக்கு 670 மீட்டர் முடியாத காரியமில்லை. ஆனால் சமதரை நடை இறக்கத்துக்குத் தொடையைத் தயார்படுத்தாது. இறங்கும்போது தொடைத்தசை நீண்டபடியே உடல் எடையைத் தாங்க வேண்டும். வலி மறுநாள்தான் தெரியும். இரண்டு மூன்று வாரம் மாடிப்படி ஏறி இறங்குங்கள், அதிலும் இறங்குவதை நிதானமாகச் செய்யுங்கள். அதற்குள் 8 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 400 மீட்டருக்குள் உள்ள ஒரு பாதையை நடந்து, எடுத்த நேரத்தைக் குறித்துவையுங்கள். நாங்கள் சொன்ன ஒன்றரை மடங்கு உங்களுக்குப் பொருந்துகிறதா, கூட்ட வேண்டுமா என்பது அதில் தெரிந்துவிடும்.